போதையில் சிக்கியவரிடம் குடும்பம் கூடிப் பேசும்போது



நம் அறக்கட்டளை அலுவலகத்தில் சனிக்கிழமைதோறும் மருத்துவ உதவி மனுக்களை வாங்குகிறோம். மனுவைக் கொடுத்துவிட்டுச் சிலர் உடனே எழுந்து போவதில்லை. பையைத் திறப்பார்கள், மூடுவார்கள். அறையில் இருக்கும் மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருப்பார்கள். பிறகு, "காக்கா, சர்க்கரைக்குன்னு இதுல எழுதியிருக்கேன். உண்மையில மவனுக்காகத்தான் வந்தேன்" என்று மெதுவாக ஆரம்பிப்பார்கள். மகனுக்கு என்ன என்று நான் கேட்பதில்லை. குரலிலேயே தெரிந்துவிடும்.

இந்த மாதப் பாடம் அந்தத் தாய்மார்களுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும். குடியோ, கஞ்சாவோ, வலி மாத்திரையோ, ஊசியோ எதுவானாலும் சரி, அதில் சிக்கிக்கொண்ட ஒருவரிடம் வீட்டார் ஒன்றாக உட்கார்ந்து பேசிச் சிகிச்சைக்கு அழைத்துப் போவது எப்படி என்பதே பேச்சு. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், முதல் தடவை மிகத் தவறாகச் செய்தவன் நான் என்பதுதான் என் தகுதி. சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

நாங்கள் நடத்திய கூட்டம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தகப்பனார் வந்து அழுதார். மகனுக்கு முப்பத்து நான்கு வயது. காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலை. மாமியார் வீட்டுக் கதவு அடைபட்டு, உம்மா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். நாங்கள் உடனே காரியத்தில் இறங்கினோம். ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு அவரை மதரஸா கூடத்துக்கு வரச்சொன்னோம். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. உள்ளே வந்து பார்த்தால் பதினொரு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம்.

ஆளுக்கொன்று சொன்னோம். நானும் சொன்னேன், அதுவும் நீளமாக. மறுமையைப் பற்றிச் சொன்னேன், பெற்றவர்களின் கண்ணீரைப் பற்றிச் சொன்னேன், ஊர்ப் பெயரைப் பற்றியும் சொன்னேன். அவருக்குக் கடன் கொடுத்திருந்த ஒருவரும் அந்த வரிசையில் இருந்தார். அவர் கடனைப் பற்றிச் சொன்னார். தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்த அந்த மனிதர் கடைசியில், "அல்லாஹ் மேல் ஆணையா இனிமே தொடமாட்டேன்" என்றார். தகப்பனார் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். நாங்கள் வெளியே வந்து சந்தோஷமாகத் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதுதான் ஆபத்தாகப் போயிற்று. மாடி அறையில் இருந்துகொண்டு, வெளியே பூட்டச்சொல்லித் தாமே சாவியைக் கொடுத்தார். மறுநாள் வேர்வை, வாந்தி, நடுக்கம். கெட்டது வெளியேறுகிறது என்று வீட்டில் நினைத்தார்கள். ஓதிய தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் சுவர் முழுக்க எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். உம்மாவை அடையாளம் தெரியவில்லை. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். உயிர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ்.

அங்கிருந்த இளம் மருத்துவர் வெளியே வந்து, "இவரை ஒரேயடியா நிறுத்தச்சொன்னது யாரு?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அன்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பல காலமாகத் தினமும் நிறையக் குடித்தவரின் மூளை சாராயத்துக்கு ஈடுகொடுத்தே பழகியிருக்கும். அதைச் சட்டென்று எடுத்துவிட்டால் ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கம் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகும். மருத்துவமனையில் தூக்க மாத்திரை வகையைச் சேர்ந்த மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். தயமின் என்ற பி-1 வைட்டமினும் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் சில நாள்களில் இந்தக் கட்டம் தாண்டிவிடும். ரமலான் பிறை பார்த்த இரவோடு விட்டுவிடுகிறேன் என்று நிய்யத் வைக்கும் தினக்குடியர்கள் நம்மிடையே உண்டு. நிய்யத்தை அல்லாஹ் ஏற்பானாக. ஆனால் பிறைக்கு இரண்டு வாரம் முன்பே அவரை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வீடு திரும்பிய அவர் ஒரு மாதத்துக்குள் மறுபடியும் குடிக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை பள்ளிவாசலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். முதல் ஸஃப்பில் அந்தப் பதினொரு முகங்களும் இருக்குமே!

சபிக்க வேண்டாம் என்ற தடை

நாம் அனைவரும் அறிந்த ஒரு ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைக்கும் இயல்புடைய ஒரு தோழர். குடித்ததற்காகத் தண்டனை பெற்றவர். மறுபடியும் கொண்டுவரப்பட்டார். கூட்டத்தில் ஒருவர், எத்தனை தடவைதான் இவனைக் கொண்டுவருவது என்று சபித்தார். நபியவர்கள் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிப்பவர் என்று அவருக்காகச் சாட்சியும் சொன்னார்கள். மற்றோர் அறிவிப்பில், உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவியாளர்களாகிவிட வேண்டாம் என்ற கருத்து வருகிறது. குடி ஹராம் என்பதில் இங்கே இம்மியும் தளர்வு இல்லை. தண்டனையும் தவிர்க்கப்படவில்லை. ஆனால் அந்த மனிதருக்கும் அவருடைய ஈமானுக்கும் உள்ள தொடர்பை யாரும் அறுக்கக் கூடாது என்பதில் நபியவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள்.

உமர் (ரலி) அவர்களைப் பற்றி இப்னு கஸீர் தப்ஸீரில் ஒரு செய்தி உண்டு. ஷாம் தேசத்து நண்பர் ஒருவர் குடியில் விழுந்துவிட்டதாகக் கேள்விப்பட்டபோது உமர் அவர்கள் ஆள் அனுப்பி இழுத்துவரச் செய்யவில்லை. ஒரு கடிதம் எழுதினார்கள். பாவத்தை மன்னிப்பவன், தவ்பாவை ஏற்பவன், கடுமையாகத் தண்டிப்பவன் என்று அல்லாஹ்வைச் சொல்லும் வசனத்தைத்தான் அதில் எழுதினார்கள். பிறகு சுற்றியிருந்தவர்களை அவருக்காக துஆச் செய்யச் சொன்னார்கள். அவர் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்து அழுது திருந்தினார் என்று வருகிறது. மதரஸாவில் ஓதிய காலத்திலேயே இந்தச் செய்தியைக் கேட்டவன்தான் நான். பதினொரு நாற்காலி போட்ட அன்று அது நினைவுக்கு வரவில்லை.

மது ஒரே நாளில் தடுக்கப்படவில்லை, படிப்படியாகத்தான் தடுக்கப்பட்டது என்பதையும் இங்கே சிலர் எடுத்துச்சொல்வார்கள். அதையே சாக்காகச் சொல்லிக்கொண்டு பத்து வருடமாக முதல் படியிலேயே நிற்பவர் ஒருவரை எனக்குத் தெரியும். அதனால் நான் அந்த வாதத்துக்குள் போகவில்லை.

மற்றவர்கள் கண்டறிந்தது

குடும்பம் கூடிப் பேசும் இந்த வழியை மேற்கு நாடுகளில் ஒரு முறையாகவே வகுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வெர்னன் ஜான்சன் என்ற கிறிஸ்தவப் பாதிரியார் அதை உருவாக்கினார். குடிப்பவர் தரைமட்டமாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அதற்கு முன்பே நேசிப்பவர்கள் கூடி உண்மையைச் சொல்லலாம் என்பது அவருடைய கருத்து. 1973இல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

பிறகு ராபர்ட் மேயர்ஸ் என்பவர் வேறொரு வழியைக் கொண்டுவந்தார். திடீரென்று கூட்டம் போடுவதற்குப் பதிலாக வீட்டாருக்கே பல வாரம் பயிற்சி கொடுப்பது அவர் வழி. குடிக்காத வேளையில் அவரோடு பிரியமாக இருப்பது, குடித்த வேளையில் விலகிக்கொள்வது, குடியால் வரும் நஷ்டத்தைத் தாங்கள் ஏற்றுச் சுமக்காமல் இருப்பது, தங்கள் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் பார்த்துக்கொள்வது, அவர் மனம் இளகும் நேரம் பார்த்துச் சிகிச்சைப் பேச்சை எடுப்பது, இவைதான் அந்தப் பயிற்சி.

1999இல் நியூ மெக்சிகோவிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. குடிப்பவர்களின் வீட்டார் 130 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். மேயர்ஸ் வழியில் பயிற்சி பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் தங்கள் ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஜான்சன் முறைக் குழுவில் 30 சதவீதம். குடிப்பவரை மாற்றும் முயற்சியை விட்டுத் தங்களை மட்டும் பார்த்துக்கொள்ளக் கற்ற மூன்றாவது குழுவில் 13 சதவீதம். இதில் என் மனத்தில் பதிந்த விஷயம் ஒன்று உண்டு. ஜான்சன் குழுவில் பெரும்பாலான குடும்பங்கள் அந்தக் கூட்டத்தை நடத்தவே இல்லை. உட்கார்ந்து பேசத் தைரியம் வராமல் பின்வாங்கிவிட்டார்கள். நடத்தியவர்களில் பெரும்பாலோருக்கு அது பலித்தது.

அமெரிக்க வீட்டு விஷயம் நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் வீடுகளில் உட்கார ஆள் பஞ்சமில்லை. அளவுக்கு அதிகமாகவே வந்துவிடுவார்கள். முன்னேற்பாடு இல்லாமல் வந்து உட்கார்ந்து, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போவதுதான் நம் சிக்கல். அதனால் இரண்டு வழியையும் சேர்த்தே யோசிக்கிறேன். சில வாரம் வீட்டார் தங்களைத் தயார்செய்துகொள்வது, பிறகு ஒரே ஒரு தடவை அமைதியாகக் கூடிப் பேசுவது.

இரண்டாவது கூட்டம்

இரண்டு வருடம் கழித்து அதே வீட்டிலிருந்து அவருடைய தங்கை வந்தார். பள்ளிக்கூட ஆசிரியை. கையில் நாற்பது பக்க நோட்டு. "காக்கா, இன்னொரு தடவை பேசப்போறோம். நீங்க உதவி செய்யணும். ஆனா நீங்க உள்ள வர வேண்டாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது சரிதான் என்று ஒத்துக்கொள்ள இரண்டு நாளாயிற்று.

முதலில் அவர் மனநல மருத்துவரிடம் போனார். அண்ணனை அழைத்துப் போகவில்லை. வீட்டார் மட்டும் போய் ஆலோசனை கேட்கலாம் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. எவ்வளவு குடிக்கிறார், முன்பு நிறுத்தியபோது என்ன நடந்தது என்று மருத்துவர் விவரமாகக் கேட்டுக்கொண்டார். வீட்டில் வைத்து நிறுத்தவே கூடாது, நேராக உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும் என்றார். எந்த நாளில் படுக்கை கிடைக்கும், அந்த நாளில் கிடைக்காவிட்டால் அவசரப் பிரிவுக்கு எப்படி வருவது என்பதையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார் தங்கை. பேசி முடித்து அவர் சரி என்று சொன்ன பிறகு ஆஸ்பத்திரி தேடினால், அந்தச் சரி மதியத்துக்குள் ஆறிப்போய்விடும்.

பிறகு, உட்காரப்போகிறவர்கள் மட்டும் அவர் இல்லாத நேரத்தில் மூன்று தடவை கூடிப் பேசினார்கள். யார் யார் இருப்பது என்பதிலேயே முதல் கூட்டம் முடிந்துவிட்டது. உம்மா, தங்கை, சிறு வயதில் அவரைத் தூக்கி வளர்த்த தாய்மாமா, குடியை விட்டு ஆறு வருடமான ஒரு பழைய கூட்டாளி, ஆக நான்கு பேர். வாப்பா தாமே விலகிக்கொண்டார். "அவனைப் பாத்தா எனக்குக் கை நீண்டுரும். நான் எழுதித் தாரேன், நீங்க வாசிங்க" என்றார். அவ்வளவு நேர்மையான தகப்பனை நான் அதிகம் பார்த்ததில்லை. கடன் கொடுத்தவர், சொத்துத் தகராறு உள்ளவர், தாமே ஒளிந்து குடிப்பவர், மார்க்கம் பேசினால் குரல் உயர்ந்துவிடுபவர், இவர்களெல்லாம் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் வேண்டாம். சிறு பிள்ளைகளை உட்கார வைக்கவே கூடாது. மகளை அழவைத்துத் தகப்பனைத் திருத்துவது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை.

ஒவ்வொருவரும் சொல்லப்போவதை எழுதிக்கொண்டார்கள். எழுதியதை மற்றவர்கள் முன் வாசித்துப் பார்த்துக் குத்தல் வார்த்தைகளை அடித்தார்கள். 'நீ எப்பவுமே', 'உன்னாலதான்', 'மானம் போச்சு' எல்லாம் போயின. கண்ணால் பார்த்த சம்பவம் ஒன்று, அது எப்போது நடந்தது, அப்போது தன் மனம் என்ன பாடுபட்டது, இப்போது என்ன கேட்கிறோம், அவ்வளவுதான். தங்கையின் அனுமதியோடு அவர் எழுதியதில் ஒரு பகுதியைத் தருகிறேன்:

"காக்கா, எனக்குப் பத்தாவது பரீட்சை நடந்தப்ப தினமும் சைக்கிள்ல கொண்டுபோய் விட்டு, முடியிற வரைக்கும் வேப்ப மரத்தடியில நின்னீங்க. வெயிலா இருக்கு, போங்கன்னு சொன்னாலும் போகல. அந்தக் காக்காகிட்டதான் பேசுறேன். போன ரபீஉல் அவ்வல்ல என் புள்ளைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி, பைக்குல கூட்டிப்போறேன்னு நீங்கதான் முதல்ல ஓடி வந்தீங்க. உங்க கை ஆடுனதைப் பாத்துட்டு நான் புள்ளையைத் தரல. நீங்க ஒண்ணும் சொல்லாம செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டீங்க. அன்னைக்கு ராத்திரி காய்ச்சலுக்காக நான் முழிச்சிருக்கல, உங்களுக்காகத்தான் முழிச்சிருந்தேன். இது உங்க கெட்ட குணம்னு நான் நினைக்கல. இது சீக்கு. டாக்டர்கிட்ட பேசிட்டேன். படுக்கை தயாரா இருக்கு. வெளியே கார் நிக்கிது. நானும் கூட வாரேன்."

அடுத்தது கடினமான பகுதி. அவர் மறுத்தால் இனி எதைச் செய்யமாட்டோம் என்பது. மாமா இனிமேல் கடனை அடைக்கப் போவதில்லை. தங்கை இனிமேல் வேலை இடத்துக்கு அழைத்து 'காய்ச்சல்' என்று பொய் சொல்லப் போவதில்லை. உம்மாவுக்குத்தான் தவித்தது. வீட்டை விட்டுப் போ என்று சொல்லச்சொல்லி யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். "என்னால ஆவாது. மழை பேஞ்சா கதவைத் திறந்துருவேன்" என்றார் அந்த அம்மா. அப்படியானால் அதைச் சொல்லவே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். காப்பாற்ற முடியாத மிரட்டலைச் சொல்லாமல் இருப்பதே நல்லது. கையில் காசு கொடுக்கமாட்டேன், சோறு எப்போதும் உண்டு என்பது மட்டும் உம்மாவின் வாக்கானது. மனைவியின் பேரில் தலாக், குலா என்று எதையும் பேசக் கூடாது என்றும் வைத்துக்கொண்டார்கள். அது வேறு சபையில், நிதானமாகப் பேச வேண்டியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அடிப்பவர், கத்தி எடுப்பவர் இருக்கும் வீட்டில் இப்படிக் கூடி உட்காருவது ஆபத்து. முதலில் மனைவியும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போகட்டும். பெண்களுக்கான 181, அவசரத்துக்கான 112 இரண்டையும் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். பொறுமை என்ற பெயரில் அடி வாங்கச்சொல்லும் பெரியவர்களின் பேச்சை நான் ஏற்பதில்லை.

நாள் குறித்தார்கள். காலை நேரம், அவர் எழுந்து சிறிது நேரத்துக்குள். வீட்டிலேயே, நடு அறையில். மூன்று நாள் துணி, ஆதார் அட்டை, பழைய மருத்துவச் சீட்டு எல்லாம் பையில். நான் தெருமுனைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் எனக்கு ஒதுக்கிய வேலை.

இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. அவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று வெளியே போனார். யாரும் பின்னால் ஓடவில்லை. யாரும் கத்தவில்லை. சொன்னதைச் சொன்னபடி நடந்துகொண்டார்கள். மாமா காசு தரவில்லை. உம்மா மூன்று வேளையும் சோறு வைத்தார். அவர் குடிக்காமல் இருந்த காலை வேளைகளில் தங்கை வந்து உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருந்தார், சிகிச்சை என்ற சொல்லே எடுக்காமல்.

ஒன்பதாம் நாள் இரவு பதினொரு மணிக்குத் தங்கைக்கு அழைப்பு வந்தது. "அந்தக் கார் இன்னும் வருமா?" என்று கேட்டாராம். அன்று படுக்கை இல்லை. நோட்டில் எழுதி வைத்திருந்தபடி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். விடிவதற்குள் சேர்த்துக்கொண்டார்கள்.

செய்யவே கூடாத சில

உணவில் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார் என்று விளம்பரம் செய்து விற்கிறார்கள். அப்படிக் கொடுப்பதில் டைசல்ஃபிராம் இருந்தால், தெரியாமல் குடித்த மனிதருக்கு ரத்த அழுத்தம் விழுந்து இதயமே நின்றுவிடக்கூடும். அந்த மருந்து நல்ல மருந்துதான். ஆனால் நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் பரிசோதித்துத் தர வேண்டியது.

கட்டிப்போடுவது, சங்கிலி போடுவது. நம் மாவட்டத்து ஏர்வாடியை நினைத்துப்பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்களில் பலர், நல்லது நடக்கும் என்று நம்பிய வீட்டார்தான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலி போடக் கூடாது என்கிறது. குடி, போதையால் வரும் மனநலக் கோளாறுகளும் அந்தச் சட்டத்துக்குள் அடக்கம். அவர் மறுக்கிறார், ஆனால் தம் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்தாக இருக்கிறார் என்றால், உரிய பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் இரண்டு வல்லுநர்கள் பரிசோதித்துச் சேர்த்துக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. மனநல மருத்துவரிடம் கேளுங்கள். துஆவும் ஓதலும் நம் உரிமை, நம் பலம். மருந்தும் அல்லாஹ் இறக்கியதுதான்.

போதை மறுவாழ்வு இல்லம் என்று பலகை மாட்டிய இடமெல்லாம் மருத்துவமனை ஆகாது. பதிவுச் சான்றிதழைக் காட்டச்சொல்லுங்கள். மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கொரு முறை வருகிறார், வீட்டார் பார்க்கவும் பேசவும் விடுவார்களா என்று கேளுங்கள். மூன்று மாதம் யாரும் வரக் கூடாது என்று சொன்னால் அங்கிருந்து திரும்பி வந்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தம் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பின் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தாருக்கும் சேர்த்தே பயிற்சி தரும் இடம்.

டேபென்டடால் போன்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் இருக்கும் வீடுகளுக்குத் தனியாக ஒன்று. நிறுத்தும்போது உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று துடிப்பார்கள். உயிருக்கு அதிக ஆபத்து பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். சில வாரம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. திரும்ப அதே அளவைப் போட்டால் மூச்சே நின்றுபோகலாம். அதனால்தான் மருத்துவர்கள் நீண்ட காலம் மாற்று மருந்து தருகிறார்கள். ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா என்று அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

போலீஸ் பயத்தில் சிகிச்சைக்கே போகாதவர்களும் உண்டு. தாம் பயன்படுத்தியதற்காகவோ குறைந்த அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தாமாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை பெற்றால், 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு அவருக்கு விலக்கு தருகிறது. பாதியில் விட்டுவிட்டால் அந்த விலக்கு போகலாம். வக்கீலிடம் விவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கால்கட்டு. "நிக்காஹ் முடிச்சு வச்சா எல்லாம் சரியாயிரும்" என்று இன்னும் சொல்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை. ஊரான் வீட்டுப் பெண்பிள்ளை என்ன மருந்தா? மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வரும் பெண் வீட்டாரிடம் தெரிந்தே மூடி மறைப்பது அமானிதத்தில் செய்யும் மோசடி. வளைகுடாவுக்கு அனுப்பிவைப்பதும் இதே வகைதான். அங்கே சிக்கினால் சட்டம் இன்னும் கடுமை, பக்கத்தில் உம்மாவும் இருக்கமாட்டார்.

இப்போது

அந்தச் சகோதரர் சிகிச்சை முடிந்து வந்து இரண்டு வருடம் நெருங்குகிறது. இதற்குள் இரண்டு தடவை வழுக்கி விழுந்தார். ஒன்று, பெருநாள் இரவில். இரண்டு தடவையும் தாமே தங்கையை அழைத்துச் சொன்னார். மறுநாளே மருத்துவரிடம் போனார்கள். சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரை ஏறிவிட்டால் மருந்தைத் தூக்கி எறிவோமா என்று மருத்துவர் கேட்டாராம். வாரம் ஒரு நாள், குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போகிறார். மனைவி இன்னும் திரும்பவில்லை. மகளை வெள்ளிக்கிழமை மாலையில் பார்க்க அனுமதித்திருக்கிறார்கள். ஃபஜ்ருக்கு வருகிறார், கடைசி ஸஃப்பில் நிற்கிறார். ஸலாம் சொல்வேன், பதில் சொல்வார். அதற்கு மேல் நான் பேச்சை வளர்ப்பதில்லை.

இன்ஷா அல்லாஹ் இந்த மாதத்திலிருந்து செவ்வாய்க்கிழமை அஸருக்குப் பிறகு, அலுவலக மாடி அறையில், இந்த விஷயத்துக்கென்றே ஒருவர் உட்கார்ந்திருப்பார். பெண்களுக்குப் பெண் ஒருவர் இருப்பார். பெயர் எழுத மாட்டோம். எந்த மருத்துவரிடம் போவது, யாரை உட்கார வைப்பது, என்ன எழுதுவது என்று உங்களோடு சேர்ந்து யோசிப்போம். ஏழை வீடுகளுக்கான சிகிச்சைச் செலவை ஆலிம்களின் ஆலோசனைப்படி பைத்துல்மாலிலிருந்து மருத்துவமனைக்கே நேரடியாகச் செலுத்துவோம், கையில் தரமாட்டோம். இரவு நேரத்தில் அவசரமாக ஆலோசனை வேண்டுமென்றால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநலத்துக்கான 14416, நம் மாநிலத்தின் 104 ஆகியவற்றுக்குப் பணமில்லாமல் பேசலாம்.

சனிக்கிழமை வருகிறவர்கள் மனுவில் சர்க்கரை என்று எழுத வேண்டாம். 'மருத்துவ உதவி' என்று மட்டும் போடுங்கள், காரணம் கேட்கும் கட்டத்தை இந்த மாதப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்